டீசல் காருக்கு நாடி பார்ப்பவர்

உடம்புக்கு வந்தால் டாக்டர் இருக்கிறார். ஜாதகத்துக்கு வந்தால் ஜோசியர் இருக்கிறார். பழைய டீசல் காருக்கு வந்தால் யார் இருக்கிறார்? மெக்கானிக் என்று நீங்கள் சட்டென்று சொல்லிவிட்டால், உங்களிடம் பழைய டீசல் கார் இல்லை என்று பொருள். நடுரோட்டில் வண்டி நின்று, நீங்கள் வேர்வையைத் துடைத்துக்கொண்டே இறங்கி, பானெட்டைத் தூக்கி அதற்குக் குச்சி முட்டுக் கொடுப்பதற்குள், மெக்கானிக்குக்கு முன்னால் ஒருவர் வந்து நிற்பார். எங்கிருந்து வந்தார், எப்போது வந்தார் என்று கேட்காதீர்கள். கையைப் பின்னால் கட்டியிருப்பார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருப்பார்.

"ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்க."

பண்ணுவீர்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பக்கத்தில் நிற்பவர்கள் மூச்சு விடாதபடி இடது கையைத் தூக்கிக் காட்டுவார். பிறகு கண்ணைத் திறந்து, துக்கம் விசாரிக்கிற குரலில், "எனக்கென்னமோ இது இன்ஜெக்டர்னு தோணுது" என்பார்.

இந்த இனத்துக்கு இதுவரை யாரும் பெயர் சூட்டவில்லை. காது மெக்கானிக் என்று சூட்டலாம். காது மட்டும்தான் அவருடைய பட்டறை. பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் இந்த இனத்தில் அதிகம் சேர்வதில்லை. பாவம், பெட்ரோல் கார் வாயில்லாப் பூச்சி. டீசல் கார் அப்படியா? காலையில் சாவியைத் திருப்பினதிலிருந்து ராத்திரி நிறுத்துகிற வரைக்கும் பேசிக்கொண்டே இருக்கும். பேசுகிற ஒன்று இருந்தால், அதற்கு அர்த்தம் சொல்ல ஒருவர் முளைத்துவிடுவார்.

ஒரு நல்ல மாதிரி வேண்டுமானால் மதுரை கே.கே. நகருக்கு வாருங்கள். மூன்றாவது குறுக்குத் தெருவில், வேப்பமரம் நிற்கிற வீட்டு வாசலில், சாம்பல் நிறத்தில் ஒரு டீசல் கார் நிற்கும். பதினெட்டு வயது. அதன் பின் கதவுகளில் ஒன்றை உள்ளேயிருந்து மட்டும்தான் திறக்க முடியும். பக்கத்தில் பனியனும் நாலு முழ வேட்டியுமாக நிற்பவர்தான் சௌந்தரராஜன். தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கோப்பு புரட்டி ஓய்வு பெற்றவர். கோப்புக்குக் குறிப்பு எழுதிப் பழகின கை, ஓய்வு பெற்ற மறுவாரமே காருக்குக் குறிப்பு எழுதத் தொடங்கிவிட்டது. 'காலை 6.40. குளிர் நிலையில் ஸ்டார்ட். மூன்றாவது முயற்சியில் உயிர் பெற்றது. வெண்புகை. மேல் நடவடிக்கைக்காக.' யாருடைய மேல் நடவடிக்கை? அவருடையதுதான்.

அவரிடம் ஒரே ஒரு கருவி உண்டு. ஒரு முழ நீளத்துக்கு மரக் கைப்பிடி போட்ட ஸ்குரூ டிரைவர். அதன் முனையை ஓடுகிற இன்ஜின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, டாக்டர் மாதிரி இடம் மாற்றி இடம் மாற்றிக் கேட்பார். வாங்கின நாளிலிருந்து அதைக்கொண்டு அவர் ஒரு திருகாணியைக்கூடத் திருகியதில்லை. புகையைப் பார்த்தும் சொல்வார். "கறுப்புப் புகைன்னா காத்து பத்தல. வெள்ளைப் புகைன்னா சூடு பத்தல. நீலமா வந்துச்சுன்னா ஆயில் எரியுது, வீட்டுல சொல்லிருங்க." புகையே வராவிட்டால் இன்னும் கவலைப்படுவார்.

குற்றம் சொல்லக்கூடாது, இந்தச் சூத்திரங்களில் தப்பு ஒன்றும் கிடையாது. படித்திருக்கிறார், வீடியோ பார்த்திருக்கிறார், பழைய டீசல் கார்க்காரர்களின் வாட்ஸப் குழுவில் இருக்கிறார். தினம் விடிந்தால் அந்தக் குழுவில் யாராவது ஒருவர் தன் காரின் இருமலைப் பதிவு செய்து அனுப்புவார். சௌந்தரராஜன் காபி ஆறுவதையும் பொருட்படுத்தாமல் அதை நாலு தரம் கேட்டுவிட்டு, க்ளோ பிளக் என்றோ டைமிங் என்றோ தீர்ப்பெழுதுவார். சிக்கல் ஒன்றே ஒன்றுதான். அவர் நோயைத் தேடிப் போவதில்லை. கையில் ஒரு நோயை வைத்துக்கொண்டு, அது எந்த வண்டிக்குப் பொருந்தும் என்று தேடுவார்.

அடுத்த வீட்டுச் சிவராமின் காரில் பின்பக்கம் 'டொடக் டொடக்' என்று ஒரு சத்தம் வந்தது. சௌந்தரராஜன் பின் சீட்டில் உட்கார்ந்து மாட்டுத்தாவணி வரைக்கும் ஓட்டச் சொல்லிக் கேட்டார். ஷாக் அப்சார்பர் புஷ் போய்விட்டது என்றார். புஷ் மாற்றினார்கள். சத்தம் போகவில்லை. அப்படியானால் ஆக்ஸில் என்றார். அதையும் கழற்றினார்கள். கடைசியில் சிவராமின் மனைவி சுஷ்மா, கறிவேப்பிலைப் பையை வைப்பதற்காக டிக்கியைத் திறந்தாள்; அழகர்கோயில் அர்ச்சனைத் தேங்காய் ஒன்று உள்ளே உருண்டுகொண்டிருந்தது. நம்மவர் அசரவில்லை.

"தேங்காதான். நான் இல்லேங்கல. ஆனா புஷ்ஷும் போற நெலமைலதான் இருந்துச்சு. நல்ல நேரத்துல மாத்துனோம்."

அந்தத் தேங்காயில் சட்னி அரைத்து ஒரு கிண்ணம் அனுப்பினாள் சுஷ்மா. தெருவே அதற்கு ஷாக் அப்சார்பர் சட்னி என்று பெயர் வைத்துவிட்டது.

இப்படிப்பட்டவர் மெக்கானிக்கிடம் எப்படிப் போவார்? மருது என்பவர் தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கிறார். நல்ல வேலைக்காரர், பேச்சு குறைவு. நாமெல்லாம் மெக்கானிக்கிடம் "வண்டி இழுக்க மாட்டேங்குது" என்று சொல்வோம். சௌந்தரராஜன் அப்படிச் சொல்லமாட்டார். "மருது, ஃபியூயல் ஃபில்டர மாத்திருப்பா" என்பார். மருது தலையைச் சொறிந்துகொண்டு, "என்ன சார் பண்ணுது வண்டி?" என்று கேட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும். நோயைக் கண்டுபிடித்தது நான், மருந்து கொடுக்கிறதோடு நீ நிறுத்திக்கொள் என்பது அவர் கட்சி.

சரி, அவருடைய சொந்த வண்டிக்கு வருவோம். போன ஆயுத பூஜைக்கு அதை அவரே கழுவினார். வேறு யாரையும் தொடவிடவில்லை. மனைவி ரங்கநாயகி சந்தனத்தைக் குழைத்துக் கிண்ணத்தில் கொடுத்துவிட்டுச் சுண்டலைக் கவனிக்கப் போய்விட்டாள். மனிதர் கட்டைவிரலைச் சந்தனத்தில் தோய்த்து, பானெட்டுக்கு மூன்று, சக்கரத்துக்கு ஒவ்வொன்று, ஸ்டியரிங்குக்கு, கியருக்கு, பேட்டரிக்கு, ஏர் ஃபில்டருக்கு என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்து, மேலே குங்குமமும் இட்டு, கடைசியில் டீசல் டேங்கின் மூடிக்கு வந்தார். அது பழைய மூடி இல்லை. பழையது ஒரு பங்க்கில் தொலைந்துபோனதால் ஸ்பேர் கடையில் தேடி வாங்கிய பூட்டு மூடி. பளபளவென்று, நடுவில் சாவித் துவாரமும் அதன் ஓரத்தில் ஓர் ஊசித் துளையுமாக இருக்கும். வண்டிக்கு வயிறு அதுதானே? வயிற்றுக்கு வைக்காமல் இருக்கலாமா? மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சந்தனத்தை எடுத்து அப்பி அழுத்தி வைத்தார். சாவித் துவாரத்தை மட்டும் வேட்டி நுனியால் துடைத்துவிட்டார். எதிலும் ஒரு முறை வேண்டும் அவருக்கு.

ஒரு வாரம் கழித்து வண்டி நிற்க ஆரம்பித்தது.

ஊருக்குள் ஓடும்போது ஒன்றும் இல்லை. மார்க்கெட்டுக்குப் போகும், வரும். அரைமணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓடினால் இழுவை குறையும், இரண்டு உதறு உதறும், நின்றுவிடும். முதல் தடவை அழகர்கோயில் சாலையில். சௌந்தரராஜன் இறங்கி ஸ்குரூ டிரைவரை வைத்துக் கேட்டார். நின்ற இன்ஜினில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? இருந்தாலும் கேட்டார். பேட்டரி டெர்மினலைக் கழற்றிச் சுரண்டி மாட்டினார். கால்மணி நேரம் ஆயிற்று. சாவியைத் திருப்பினார், கிளம்பிவிட்டது. "டெர்மினல்!" என்றார். இரண்டாம் தடவை மேலூர்ப் பக்கம். இந்த முறை ஃபில்டர் தலையிலிருக்கிற கைப்பம்பை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். கால்மணி நேரம். கிளம்பிவிட்டது. "ஏர் லாக்!" மூன்றாம் தடவை வாடிப்பட்டி தாண்டி. ரங்கநாயகியின் புதுத் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பம்பின்மேல் சுற்றினார். அதே கால்மணி. அதே உயிர். "சூடு! நான் நெனச்சேன்."

மூன்று நிறுத்தம், மூன்று நோய், மூன்று வெற்றி. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே காக்கையே கீழே இறங்கி வந்து, பழம் எப்படி விழுந்தது என்று வாட்ஸப் குழுவில் மூன்று பக்கம் எழுதிவிட்டது. அவர் ஒன்றும் செய்யாமல் மரத்தடியில் உட்கார்ந்து கடலை கொறித்திருந்தாலும் வண்டி அந்தக் கால்மணியில் கிளம்பியிருக்கும். ஆனால் அது எப்படித் தெரியும்? சும்மா உட்கார்ந்து பார்த்தால்தானே தெரியும். இந்த இனத்தால் முடியாதது அது ஒன்றுதான்.

பட்டறைக்கும் போனார். ஃபில்டர் மாற்றினார், க்ளோ பிளக் நாலும் மாற்றினார், டீசல் குழாய்களை மாற்றினார். மருது ஒருநாள் மெல்ல ஆரம்பித்தார்.

"சார், அந்த டேங்க் மூடிய ஒருக்கா..."

"மூடியெல்லாம் புதுசுப்பா. பூட்டு மூடி. ஒரு சொட்டு டீசல் வெளிய போகாது."

"அதில்ல சார், அதுல..."

"நீ டீசல உறிஞ்சுற லிஃப்ட் பம்ப்பப் பாரு மருது. எனக்கென்னமோ அதுலதான் இருக்குன்னு தோணுது."

மருது பம்பைக் கழற்றிப் பார்த்தார். பம்ப் நன்றாகத்தான் இருந்தது.

வாடிப்பட்டியிலிருந்து திரும்பிய அன்று ரங்கநாயகி வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னாள். அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிர மொழி. அன்றைக்கு மட்டும் அவள் தமிழில் சொன்னாள், அதுவும் உரக்க, தெருவுக்குச் சாட்சி வேண்டும் என்பதற்காக.

"வர்ற வெள்ளிக்கெழம திருமங்கலத்துல நம்ம காவ்யாவுக்கு வளைகாப்பு. பத்தரைக்கு ராகு காலம் வந்துரும், அதுக்கு முன்னாடி வளையல் போட்டாகணும். தாய் வீட்டு வளையலும் சோறும் இந்த வண்டியிலதான் வரும்னு நீங்க ஒத்தக் கால்ல நிக்கிறீங்க. சரி. வழியில இது ஒரு தடவ நின்னுச்சுன்னா, ஒரே தடவ, திங்கக்கெழம காயலாங்கடைக்காரன வரச்சொல்லிருவேன். அம்புட்டுத்தான்."

இங்கே சௌந்தரராஜனுக்காக ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அந்தக் காரை அவர் நேசித்தார். மகள் காவ்யஸ்ரீ டியூஷனிலிருந்து பின் சீட்டில் தூங்கிக்கொண்டே வந்த கார் அது. அவளைக் கல்யாணம் முடித்துத் திருமங்கலத்தில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, அவரும் ரங்கநாயகியும் ஒரு வார்த்தை பேசாமலிருக்க, அது ஒன்றுதான் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தது. ஆனால் பன்னிரண்டடி இரும்பைப் பிடித்துக்கொண்டு 'உன்மேல் எனக்குப் பிரியம்' என்று ஓர் ஆண்பிள்ளை எப்படிச் சொல்வது? அதற்குப் பதிலாகத்தான் அதில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை சமையலறையில் பெரிய வேலை. புளியோதரைக்கு நல்லெண்ணெய் டின்னைத் திறந்து தரச் சொன்னாள் ரங்கநாயகி. அவர் மனசெல்லாம் லிஃப்ட் பம்ப்பில் இருந்தது. வந்தார், டின் மூலையில் ஆணியை வைத்து ஓர் அடி அடித்து ஓட்டை போட்டார், போய்விட்டார். அவள் சாய்த்துப் பார்த்தாள். 'கொடக்' என்று கொஞ்சம் வந்தது. நின்றது. முனகிக்கொண்டே எதிர் மூலையில் இன்னோர் ஓட்டையை அவளே போட்டாள். எண்ணெய் விறுவிறுவென்று இறங்கியது. சாயங்காலம் அவர் அவளையும் ஏற்றிக்கொண்டு பங்க்குக்குப் போனார். டேங்கை நிரப்பச் சொன்னார். டீசல் போடுகிற பெண் சாவியை வாங்கி மூடியைத் திருகியதும் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"சார், மூடி மூச்சு விடுது சார்," என்றாள் அந்தப் பெண்.

தெருவில் எட்டாவது வீட்டு மிக்ஸி திணறினாலும் இங்கிருந்தே கேட்கிற சௌந்தரராஜனின் காதில் அது விழவில்லை. பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோவின் கிளட்ச்சைப் பற்றி அதன் டிரைவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். முன் சீட்டில் இருந்த ரங்கநாயகி காதில் விழுந்தது. அவளுக்கு நூறு ஜோலி, விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்குக் கிளம்பினார்கள். பின் சீட்டில் ஐந்து வகைச் சோற்றுத் தூக்குகள், பூக்கூடை, இரண்டு பெட்டி கண்ணாடி வளையல். சௌந்தரராஜன் ரேடியோவைப் போடவில்லை. சத்தம் கேட்க வேண்டுமே. பழங்காநத்தம் தாண்டியது. பசுமலை தாண்டியது. திருப்பரங்குன்றத்தில் கோபுரத்தைப் பார்த்து ஒரு கையால் கும்பிட்டார். திருநகர் வந்தபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். திருநகர் தாண்டி நாலு நிமிஷம்கூட ஆகியிருக்காது, வண்டி இரண்டு உதறு உதறியது. ஓரமாக ஒதுங்கி ஒரு புளியமரத்தடியில் நின்றுவிட்டது.

மணி ஒன்பது ஐந்து.

ரங்கநாயகி திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கைக்கடிகாரத்தைத் திருப்பி மணி பார்த்தாள். அதுதான் பயமாக இருந்தது. பானெட்டைத் திறந்தார். திறந்தால் என்ன ஆகும் என்று முதலிலேயே சொல்லியிருக்கிறேன். பைக்கில் போன ஒருவர் நின்றார். கரும்புச்சாறுக் கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். டிராக்டரில் போன முத்திருளன் என்பவர், டிராக்டரை ஓட்டத்திலேயே விட்டுவிட்டு இறங்கி வந்தார். அந்த வழியே போன பஸ் டிரைவர்கூட வேகத்தைக் குறைத்து, "டீசல் இருக்காண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். எல்லாருடைய கையும் பின்னால் கட்டியிருந்தது. எல்லாருடைய தலையும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"ஏர் புடிச்சிருக்கும்ணே," என்றார் முத்திருளன். "எங்க டிராக்டர் இப்பிடித்தான் பண்ணும்."

"ஏர் இல்ல. டீசல்ல தண்ணி," என்றார் கரும்புச்சாறு.

"நேத்துத்தான் டேங்க் ஃபில் பண்ணுனேன்," என்றார் சௌந்தரராஜன். "இது பம்ப். எனக்குத் தெரியும்."

"பம்புன்னா ஸ்டார்ட்டே ஆகாதேண்ணே," என்றார் பைக்.

"ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்க, கேப்போம்," என்றார்கள் மூன்று பேரும்.

காவ்யஸ்ரீயின் போன் வந்தது. ரங்கநாயகி எடுத்தாள். "வந்துக்கிட்டே இருக்கோம்டி" என்றாள். குரலில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. போனை வைத்ததும் வளையல் பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். முதல் பிள்ளைக்காரி, கையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு, தாய் வீட்டு வளையலுக்காக மணையில் உட்கார்ந்திருப்பாள். நினைத்தபோது கண் கலங்கியது. சௌந்தரராஜன் பானெட் இடுக்கு வழியாக அதைப் பார்த்தார். கார் போனால் போகட்டும் என்று அப்போதுதான் முதல் தடவையாக அவருக்குத் தோன்றியது. ஒரு வேன் பிடிக்கலாமா என்று ரோட்டைப் பார்த்தார். அதற்குள் முத்திருளன் கைப்பம்பை அமுக்க ஆரம்பித்துவிட்டதால், தப்பாக அமுக்குகிறாரே என்று திரும்பிக்கொண்டார்.

ரங்கநாயகி புளியோதரைத் தூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் வாயோரத்தில் எண்ணெய் மினுமினுத்தது. எண்ணெய் டின். ஓர் ஓட்டை. கொடக். நின்றது. பங்க்கில் 'உஸ்ஸ்'. அவள் கதவைத் திறந்து இறங்கினாள்.

"சாவியக் குடுங்க."

"எதுக்கு? நாங்கதான் பாத்துக்கிட்டு இருக்கோம்ல?"

"குடுங்கங்கறேன்."

கொடுத்தார். அவள் வண்டியின் பின்பக்கம் போய் டீசல் மூடியில் சாவியை விட்டுத் திருகினாள். 'உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு பெருமூச்சு. பானெட்டுக்குள் குனிந்திருந்த நாலு தலையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. முத்திருளனின் தலை இடித்துக்கொண்டது.

அவள் மூடியை வெயிலில் தூக்கிப் பார்த்தாள். நடுவில் காய்ந்து இறுகின சந்தனம், அதன்மேல் குங்குமம். சாவித் துவாரம் மட்டும் சுத்தமாக இருந்தது. பக்கத்து ஊசித் துளையைக் காணவில்லை. புடவைத் தலைப்பில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, அந்தத் துளையைக் குத்திக் குத்திச் சந்தனத்தை எடுத்தாள். வாயால் ஊதினாள். காற்று அந்தப் பக்கம் போயிற்று.

"டின்னுல ஒத்த ஓட்ட போட்டா எண்ண வருமாங்க? காத்து உள்ள போனாத்தானே உள்ள இருக்கறது வெளிய வரும்? டேங்குக்குக் காத்துப் போற வழிய அடச்சிட்டு, பம்ப் உறிஞ்சல, பம்ப் உறிஞ்சலன்னா அது எங்கிட்டு இருந்து உறிஞ்சும்? நின்ன கால்மணியில இண்டு இடுக்குல கொஞ்சம் காத்து கசிஞ்சு உள்ள போகும், மறுபடி கெளம்பும்." மூடியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது யாரு வச்ச பொட்டு?"

அரசு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவருக்குப் பதில் தெரியாத கேள்வியே கிடையாது. அன்றைக்கு மட்டும் கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கரும்புச்சாறுக்காரர்தான், "நான் அப்பவே நெனச்சேன்" என்று முணுமுணுத்தார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க," என்று மூடியைப் பூட்டிச் சாவியை நீட்டினாள் ரங்கநாயகி.

இரண்டு தடவை இருமி, மூன்றாவதில் கிளம்பியது. ஒன்பது நாற்பத்தெட்டுக்குத் திருமங்கலத்தில் மகள் வீட்டு வாசலில் நின்றது. தாய் வீட்டு வளையல் நல்ல நேரத்திலேயே காவ்யஸ்ரீயின் கையில் ஏறியது. அவள் கையை ஆட்டிக் காட்டினாள். வீடு முழுக்கக் கலகலவென்று கேட்டது. சௌந்தரராஜன் கூட்டத்துக்குப் பின்னால் நின்று வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சத்தத்தில் மட்டும் அவர் ஒரு குற்றமும் கண்டுபிடிக்கவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளை வெங்கடேஷ்பாபு, "வழியில வண்டி எதுவும் மக்கர் பண்ணுச்சா மாமா?" என்று கேட்டார். சௌந்தரராஜன் இலையிலிருந்து தலையைத் தூக்கினார். பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்தது.

"அது என்னன்னா மாப்ள, டேங்க்குக்குள்ள ஒரு வேக்யூம்..."

"நீங்க சாப்பிடுங்க, நான் சொல்றேன்," என்றாள் எதிர்வரிசையில் இருந்த ரங்கநாயகி.

சொன்னாள். டின்னைக் கையாலேயே வரைந்து காட்டிச் சொன்னாள். சம்பந்தியம்மாளுக்குச் சொன்னாள், பந்தி பரிமாறியவருக்குச் சொன்னாள், வளையல் போட வந்த அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சொன்னாள். சாயங்காலம் ஆவதற்குள் 'உஸ்ஸ்' மூன்று மடங்கு நீண்டுவிட்டது. மாப்பிள்ளை வாடகைப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கத் தன் காரை ஸ்டார்ட் செய்தபோது, வாசலில் நின்ற ரங்கநாயகி சட்டென்று இடது கையைத் தூக்கினாள். பேசிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்தினார்கள். அவள் கண்ணை மூடினாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"எனக்கென்னமோ," என்றாள், "சத்தம் சரியில்லையே."

சௌந்தரராஜன் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார். பெருமையா பயமா என்று அவருக்கே தெரியவில்லை.

திரும்பி வரும்போது திருப்பரங்குன்றத்தில் மறுபடியும் கோபுரத்தைக் கும்பிட்டார். அப்புறம் மெல்ல ஆரம்பித்தார்.

"ரங்கா, திங்கக்கெழம... காயலாங்கடைக்காரன்..."

"எதுக்கு?"

"நின்னுருச்சுல்ல. ஒரு தடவைன்னு சொன்னியே."

அவள் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வித்துட்டா, நான் கண்டுபிடிச்சேன்னு சொன்னா எவ நம்புவா? வண்டி இருந்தாத்தானே மூடியத் தொறந்து காட்ட முடியும்? இருக்கட்டும்." அதோடு நிற்காமல், "அடுத்த வருஷம் பொட்டு நான்தான் வைப்பேன்" என்றாள். பிறகு காதைத் தீட்டினாள். "ஏங்க, செகண்ட் கியர்ல ஒரு சத்தம் வருது பாருங்க, உங்களுக்குக் கேக்கல?"

அவருக்குக் கேட்கவில்லை. "ஆமா, கேக்குது," என்றார். வேறு வழி?

ஆகவே காது மெக்கானிக்குகளிடம் ஜாக்கிரதையாக இருங்கள். கேலி பேசினவர்களுக்குத்தான் அது முதலில் தொற்றும். நமக்கு அந்தப் பழக்கம் கிடையாது, நம்மிடம் டீசல் காரே கிடையாது என்றுதானே நினைக்கிறீர்கள்? ரொம்பச் சந்தோஷம். ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு முடித்துக்கொள்கிறேன். சௌந்தரராஜன் அந்த மூடியில் சந்தனத்தை அப்பினாரே, அந்த இடத்தில், "அடப்பாவி, அந்தத் துளை!" என்று உங்கள் மனசுக்குள் ஒரு குரல் கேட்டதா? வண்டி நின்ற ஒவ்வொரு முறையும் "மூடியைப் பாருய்யா, மூடியைப் பாரு" என்று புத்தகத்தைப் பார்த்து முணுமுணுத்தீர்களா? படிக்கும்போது தலை கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததா?

கையை எங்கே கட்டியிருக்கிறீர்கள் என்று ஒருக்கா பாருங்கள்.